சர்க்கரை அட்டை

எங்கள் வீட்டில் பல வருடம் இருந்தது சர்க்கரை அட்டை. ரேஷன் அரிசி வேண்டாம், அதற்குப் பதில் மூன்று கிலோ சர்க்கரை கூடுதலாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்து வாங்கியது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ரேஷன் அரிசி சாப்பிடலாமா என்ற கௌரவம்தான், வேறொன்றுமில்லை.

2019 கோடையில் மகன் வற்புறுத்தி என்னை ஸ்கேன் எடுக்க வைத்தான். எடை 82 கிலோ, இடுப்பு 102 செ.மீ. (நம் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாதாம்). ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்தது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம் படித்தவன், ஒயின் பழக்கம் இருந்திருக்குமோ என்று சந்தேகம்! காபி, டீ தவிர எதையும் தொட்டதில்லை என்று இந்த வயதில் சத்தியம் செய்தேன்.

டாக்டரம்மா சிரித்தார். "அதில் போடும் சர்க்கரைதான் ஐயா" என்றார். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேரும். மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கிவிடும். கொஞ்சம் அங்கேயே தங்கும், கொஞ்சம் டிரைகிளிசரைடாக ரத்தத்தில் கலக்கும். கொழுப்பேறிய ஈரலிடம் இன்சுலின் பேச்சு எடுபடாது. என் மூன்று மாத சர்க்கரை அளவு 6.3. 6.5 தொட்டால் நீரிழிவு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அட்டையில் இரண்டு பேர். தலைக்கு அரை கிலோ, அரிசிக்குப் பதில் மூன்று, ஆக மாதம் நான்கு கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 66 கிராம்! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, முடிந்தால் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன். நாட்டுச் சர்க்கரைக்கு மாறலாமே என்றாள் மனைவி. நிறம்தான் வேறு, ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு ஸ்பூன் ஒன்றாகி, அரையாகி, நின்றது. முதல் மாதம் டீ கஷாயமாக இருந்தது. வாலாஜாபாத் சாலை டீக்கடையில் மாஸ்டர், "ஐயாவுக்கு சுகரா?" என்றார். "வராமல் இருக்கத்தானப்பா" என்றேன். ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வாக்கிங் போக எனக்குத் துணிச்சல் இல்லை. மாத்திரையும் கிடையாது. ஆறு மாதத்தில் எடை 77, சர்க்கரை அளவு 5.9. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

அந்த நவம்பரில், சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. கௌரவத்தை விட்டு மாற்றிக்கொண்டேன்.

"அரிசியை மட்டும் அளவில்லாமல் சாப்பிடலாம் என்றாரா உங்கள் டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.