தேய்க்கிற கார்டும் தேயுற லாபமும்

கடையில கார்டை நீட்டினதும் "ரெண்டு பர்சன்ட் கூட ஆகும் சார்"னு சொன்னா யாருக்குத்தான் கடுப்பாகாது? நானும் அந்தக் கட்சிதான். ஆனா கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தா கதை வேற மக்களே.

சாத்தூர்ல என் மாமா மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் விக்கிறார். போன தடவை ஊருக்குப் போனப்ப கணக்கு நோட்டை என் முன்னாடி போட்டு, "கம்ப்யூட்டர் படிச்ச ஆளுல்ல மாப்ள, இதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னார்.

20,000 ரூபா ஃபிரிட்ஜ் வித்தா அவருக்கு நிக்கிறது 1,200. கிரெடிட் கார்டுன்னா 2% கட்டணம், அதாவது 400. அது மேல 18% ஜிஎஸ்டி 72. ஆக மொத்தம் 472 அம்பேல்! இதுல பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. மிச்சம் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கும் மெஷின் கொடுத்த வங்கிக்கும். நான் பெருமையா சேர்க்கிற ரிவார்டு பாயிண்ட்டுக்குத் தீனியும் இங்கேருந்துதான் :-)

வாங்குறவங்க தலையில கட்டிடலாமா? பெரும்பாலான வங்கி ஒப்பந்தங்கள் அதுக்கு இடம் கொடுக்காது. டெபிட் கார்டுக்கு அப்படி வாங்குறது நியாயமில்லைன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கு.

"பேசாம எல்லாத்துக்கும் விலையை ஏத்திடுங்க மாமா"ன்னேன்.

"சீட்டுப் போட்டு மிக்சி வாங்க வர்ற தீப்பெட்டி ஆபீஸ் அக்காவும் உன் பாயிண்ட்டுக்குக் காசு கட்டணுமாக்கும்?"

பதில் சொல்ல முடியலை. அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சது இது:

1. 72 ரூபா ஜிஎஸ்டியை விடக்கூடாது. மாமா ஜிஎஸ்டி கட்டுற ஆள். வங்கி தர்ற பில்லை ஆடிட்டர்கிட்ட கொடுத்தா இன்புட் கிரெடிட்டா கழிச்சுக்கலாம்.

2. கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கலை. அதனால ரெண்டு மூணு வங்கியில விசாரிச்சுப் பேரம் பேசலாம். மெஷின் வாடகையையும் சேர்த்தே கேட்கணும்.

3. வங்கிக் கணக்கிலேருந்து வர்ற யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலேருந்து கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. ஆனா யூபிஐல ரூபே கிரெடிட் கார்டை இணைச்சு 2,000-க்கு மேல கட்டினா கட்டணம் உண்டு. அதையும் கவனிக்கணும்.

4. எம்ஆர்பியைத் தாண்டாம விலையை 20,400-ன்னு எழுதி, ரொக்கத்துக்கும் யூபிஐக்கும் 400 தள்ளுபடி தரலாம். கணக்கு ஏறக்குறைய அதேதான். "கூட ஆகும்"னா முகம் சுளிப்பாங்க, "குறைச்சுத் தர்றேன்"னா சிரிப்பாங்க. அந்த அக்காவுக்கும் 20,000-தான்.

மாமாவுக்கு நாலாவது பிடிச்சுப் போச்சு. போர்டையும் மாத்திட்டார்.

நான் இப்பல்லாம் சின்னக் கடையில கார்டை எடுக்கிறதில்லை, யூபிஐதான். பெரிய மால்ல மட்டும் பாயிண்ட் வேட்டை தொடருது. அங்கேயும் யாரோ ஒருத்தர் ரொக்கம் கொடுத்து என் பாயிண்ட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டிட்டு இருக்கார்ங்கிறது இப்பல்லாம் கொஞ்சம் உறுத்துது.