மலை கூப்பிடுது... வழிகாட்டி யாரு?

'ரெண்டு நாள், மூணு மலை, ராத்திரி கேம்ப் ஃபயர்! தலைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு மட்டுமே!'

செமஸ்டர் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல வந்து விழுந்துச்சு இந்த போஸ்டர். பாறை நுனியில கையை விரிச்சு நிக்கிற ஒரு அண்ணன், பின்னாடி மேகம், கீழே பள்ளத்தாக்கு... போதாதா? அரை மணி நேரத்துல பதினோரு பேர் பேர் கொடுத்தாச்சு.

வில்லியனூர்லேர்ந்து பஸ்ல வர்ற தோழி மட்டும் ஒரு கேள்வி போட்டா. "கைடு யாரு? அந்த ஊர்க்காரரா?"

போஸ்டர்ல இருந்த நம்பருக்கே போன் போட்டோம். "எங்க டீம்லேர்ந்து ஒருத்தர் வருவாரு. போன வருஷம் அந்த மலைக்குப் போயிருக்காரு."

"வனத்துறை அனுமதி?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் பாஸ்!"

எங்களுக்கு அதுவே போதும். அவளுக்குப் போதலை. 'பயந்தாங்கொள்ளி'ன்னு கலாய்ச்சோம். பதிலுக்கு அவ அனுப்பினது மூணே வார்த்தை: "குரங்கணி ஞாபகம் இருக்கா?"

குரூப் கப்சிப்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலைக்கு சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. இருபது பேருக்கும் மேல உயிர் போச்சு. பெரும்பாலும் இளைஞர்கள். நாம அப்ப ஸ்கூல் பசங்க, டி.வி.யில பார்த்துட்டு மறந்துட்டோம். காய்ஞ்ச புல் சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமா ஏறும். அந்த வேகத்துக்கு மனுஷன் கால் ஈடு கொடுக்காது.

"மலைக்குப் போக வேணாம்னு சொல்லலை. யாரோட போறோம்னு பாருங்கன்னுதான் சொல்றேன். முதல்ல நம்ம ஊரை நடந்து பாருங்க. கூட்டிட்டுப் போற ஆள் எப்படி இருக்கணும்னு அப்புறம் நீங்களே சொல்லுவீங்க"ன்னா அவ.

நம்ம ஊர்ல என்னத்தைப் பார்க்க? மலையே கிடையாதே! முணுமுணுத்துக்கிட்டேதான் கிளம்பினோம்.

பாகூர்: தாத்தா போட்ட பிரேக்

முதல் ஞாயிறு, பாகூர். கடலூர் ரோட்டுல போய் மேற்கே திரும்பினா, சினிமா செட்டு மாதிரி பச்சை வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு சும்மா சொல்லலை. கிளாஸ்மேட் ஒருத்தனோட தாத்தாதான் எங்க கைடு. ஏரி மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடுற வேலையிலேயே தலை நரைச்சவர். கால்ல செருப்பு கூட இல்லை. எங்க கால்ல மூவாயிரம் ரூபாய் ஷூ!

கிளம்புறதுக்கு முன்னாடி தாத்தா போன்ல யாரையோ கூப்பிட்டு, "சாத்தனூர்ல தொறந்துட்டானா?"ன்னு கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு. சாத்தனூர் அணை இருக்கிறது திருவண்ணாமலை மாவட்டத்துல. பாகூர்ல நடக்க அது எதுக்கு?

"தம்பி, தென்பெண்ணையில எவ்ளோ தண்ணி வரும்னு முடிவு பண்றது அங்கதான்" என்றார். அப்புறம்தான் உறைச்சது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப இங்கே கொட்டின மழை போதாதுன்னு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையும் திறந்து, தென்பெண்ணைக் கரையில பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள்ள வெள்ளம் புகுந்துச்சே! மழை ஒரு ஊர்ல, வெள்ளம் இன்னொரு ஊர்ல. மொபைல்ல இங்கத்து வானிலையை மட்டும் பார்த்தா இது தெரியுமா?

பங்காரு வாய்க்கால் கரையில நடந்தோம். சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து தென்பெண்ணைத் தண்ணியை பாகூர் ஏரிக்குக் கொண்டு வர்ற வாய்க்கால் இது. பங்காரி, சிங்காரின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சொந்தக் காசுல வெட்டினதா ஊர்ல கதை. ராஜா பேர் மறந்து போச்சு, அந்தப் பொண்ணுங்க பேர் தண்ணியோட ஓடிக்கிட்டே இருக்கு.

மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அடிச்சுவர்ல குட்டிக் குட்டியா நடனச் சிற்பங்கள். இதைவிட நமக்கு நெருக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு ஃப்ரெண்ட்ஸ். ஒன்பதாம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு இந்த ஊர்ல கிடைச்சிருக்கு. இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூணு கிராமங்களைத் தானமா கொடுத்ததைச் சொல்ற செப்பேடு அது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பாகூர்ல காலேஜ்! அரியர் இருந்துச்சான்னு மட்டும் செப்பேட்டுல இல்லை.

சொர்ணாவூர் வரைக்கும் நடக்கிறதா பிளான். பாதி வழியில தாத்தா நின்னார். தென்மேற்குல கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான். "திரும்பலாம்."

"தாத்தா, இன்னும் கொஞ்ச தூரம்தானே..."

"வெட்டவெளி, கரை மேல நீ, பக்கத்துல பனைமரம். மின்னலுக்கு வேற என்ன வேணும்? நட."

செம கடுப்பு! ஆனா ஊர்ல வீட்டுத் திண்ணையில ஏறி உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகலை. வானம் பிளக்கிற மாதிரி ஒரு இடி. கடுப்பெல்லாம் காணோம். பாட்டி கொடுத்த சுக்குக் காப்பியை யாரும் பேசாம குடிச்சோம்.

கடற்கரை: கைடு எதுக்கு?

ரெண்டாவது ஞாயிறு, பாகூர் கொம்யூன் கடலோரம். மணப்பட்டு, நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம்னு சவுக்குத் தோப்பும் மீனவ ஊர்களுமா இருக்கிற பக்கம். 'இங்கே எதுக்குடா கைடு? கடலை இடது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு நடந்தா தெற்கே போயிடலாம்'னு நானேதான் வசனம் பேசினேன்.

ஒரு முகத்துவாரம் குறுக்கே வந்துச்சு. மேப்புல மணல் திட்டு, நேர்ல முழங்கால் தண்ணி. நாலு எட்டு வெச்சேன்; இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. அடியில மணல் வழுக்கிட்டு ஓடுது. கால் நிக்கலை. கரையில வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதுல கேட்குது. "அங்க எறங்காதே! நேத்துதான் மண்ணு அறுத்துச்சு! கெழக்கால போவாதே, இப்டியே பின்னாலயே வா!"

பின்னாலயே வந்தேன். நேத்து அறுத்த மண்ணு சாட்டிலைட்டுக்கு எப்படித் தெரியும்? தினமும் அதைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

இந்தக் கடலோரத்துல அப்படி ஒரு குரல் ஒரு ஊரையே காப்பாத்தியிருக்கு. கொஞ்சம் வடக்கே நல்லவாடு. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்னிக்கு சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன்ல எச்சரிக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைச்சிருந்த தகவல் மையத்தோட ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. ஜனங்க கடலோரத்தை விட்டு ஓடித் தப்பிச்சாங்க. அந்தத் தகவல் மையங்களுக்கெல்லாம் தலைமை மையம் எங்கே இருந்துச்சு தெரியுமா? நம்ம வில்லியனூர்ல! தெரிஞ்சா மட்டும் போதாது, நேரத்துக்குச் சொல்லணும், சொன்னா கேட்கணும். மூணாவதுதான் நமக்குக் கஷ்டம்.

ஊசுடு: மெதுவா... இன்னும் மெதுவா!

மூணாவது ஞாயிறு ஊசுடு ஏரி. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி. பாதி நம்ம வில்லியனூர் பக்கம், மீதி தமிழ்நாடு. தண்ணிக்கு நடுவுல கோடு போட யாராலயும் முடியலை, பறவைங்களும் பெர்மிட் கேட்கலை! நம்ம பகுதியை 2008-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க.

தோழியோட சித்தப்பா, ஸ்கூல் வாத்தியார், பறவைப் பைத்தியம். அவர்தான் கைடு. முதல் கண்டிஷனே "செவப்பு டி-ஷர்ட்டை மாத்திட்டு வாப்பா"தான். ஸ்பீக்கர் பையை விட்டு வெளியே வரக் கூடாது. ஒரு மணி நேரத்துல நாங்க நடந்தது ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனா கூழைக்கடா இறங்குறதை, நாமக்கோழிக் கூட்டம் ஒட்டுமொத்தமா திரும்புறதை, நீர்க்காகம் இறக்கையை விரிச்சு வெயில் காயுறதைப் பார்த்தோம். நாங்களா போயிருந்தா செல்ஃபி எடுத்துட்டு பத்து நிமிஷத்துல கிளம்பியிருப்போம். ஏரின்னா வெறும் தண்ணின்னு நினைச்சுக்கிட்டே!

இங்கே வர நல்ல நேரம் நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை, காலையில ஆறுலேர்ந்து எட்டரை. தண்ணி பாட்டில், தொப்பி, அமைதி. இந்த மூணும் கட்டாயம்.

அஞ்சு கேள்வி

மூணு நடையும் முடிஞ்சப்ப எங்க கையில ஒரு லிஸ்ட் இருந்துச்சு. காசு கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது:

1. கைடு அந்த மண்ணுக்காரரா? 'போன வருஷம் ஒரு தடவை போனார்'ங்கிறது பதில் இல்லை.

2. காடுன்னா வனத்துறை அனுமதி இருக்கா? கையில காட்ட முடியுமா?

3. இந்த மாசம் அங்கே போகலாமா? கோடையில தீ, மழையில வெள்ளம்.

4. எத்தனை பேருக்கு ஒரு கைடு? யாருக்காவது காலு சுளுக்கினா எந்த வழியா, எவ்வளவு நேரத்துல இறக்குவீங்க?

5. எந்த நிலைமை வந்தா பாதியிலேயே திரும்புவீங்க?

மலைதான் வேணும்னா நல்ல வழி இருக்கு பாஸ். குரங்கணிக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் ஆரம்பிச்சப்ப 14 மாவட்டங்கள்ல 40 பாதைகள் இருந்துச்சு. எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. ஆன்லைன்ல பதிவு. கூட்டிட்டுப் போறது பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், பல இடங்கள்ல அந்தக் காட்டிலேயே வாழுற பழங்குடி மக்கள். தீ அபாயக் காலத்துல பாதைகளை மூடிடுறாங்க. அந்தப் பட்டியல்ல குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. முதல் தடவைன்னா 'எளிது'லேர்ந்து ஆரம்பிங்க. அதுக்கும் முன்னாடி செஞ்சிக்கோட்டை ராஜகிரி ஏறிப் பாருங்க. வில்லியனூரைத் தொட்டு ஓடுற சங்கராபரணி ஆறு பிறக்கிறதே அந்தச் செஞ்சிப் பக்கத்து மலைகள்லதான்.

கடைசியா, அந்த போஸ்டர் நம்பருக்கு இன்னொரு தடவை போன் போட்டோம். ஸ்பீக்கர்ல போட்டு அஞ்சாவது கேள்வியை மட்டும் கேட்டோம்.

"திரும்புறதா? நாங்க பாதியில திரும்பினதே கிடையாது பாஸ்!" பெருமையா வந்துச்சு பதில்.

பதினோரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எனக்கு பாகூர்த் திண்ணையும் அந்த இடியும் ஞாபகம் வந்துச்சு.

போனை வெச்சுட்டோம்.