14 கால் சவுக்காரம்

பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஃபெரி இன்னும் ஓடுதா?"

ஓடுகிறது. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த ஃபெரி இல்லை. கார்களையும் மோட்டார்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன அந்தப் பழைய படகுகள் 2020 கடைசியோடு ஓய்வெடுத்துக்கொண்டன. 2023இல் வந்த புதியவை குளிரூட்டப்பட்டவை, வேகமானவை. அம்மா உள்ளே உட்கார மறுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு ஓரமாக நின்றுகொண்டார். "காத்து வேணும்ல" என்றார். 1980இல், 18 வயதில், கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது இந்த நீரிணையை இப்படித்தான் நின்றபடி தாண்டினாராம். பாலம் வந்தது 1985இல்தான். இதைக்கூட அன்றுதான் எனக்குச் சொன்னார்.

நான் அவரை அழைத்துப் போனது சவுக்காரம் செய்யப் பழகுவதற்கு. ஞாயிற்றுக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் 'வார இறுதியில் எங்கே போகலாம்' என்று ஓர் அங்கம் செய்கிறேன். ஜார்ஜ்டவுனில் இரண்டு நாள் கையால் சோப்பு செய்யும் வகுப்பு நடக்கிறது, சோப்புக்குள்ளேயே பூவும் நட்சத்திரமும் வைக்கிறார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். அம்மாவுக்கோ அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை. தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தார். வீட்டில் தனியாக விட்டால் மூன்றாவது முறையும் மருத்துவமனைக்கு போன் போட்டுவிடுவார் என்ற பயத்தில்தான் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில். முன்னால் ஐந்தடி நடைபாதை, பூப்போட்ட பெரானாக்கான் தரை ஓடுகள். உள்ளே நடுவில் திறந்த முற்றம், அதைத் தாண்டி நீளமான மேசை. சொல்லித் தருபவர் அறுபதை நெருங்கும் ஒரு சீனப் பெண்மணி. எல்லாரையும் போல நானும் ஆண்ட்டி என்றேன். அம்மா அவரைப் பார்த்ததும், "சியாக் பா போய்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று பினாங்கு ஹொக்கியனில் விசாரிப்பது அது. ஆண்ட்டி ஒரு கணம் விழித்தார், பிறகு மடமடவென்று ஏதோ சொன்னார், அம்மா அதைவிட வேகமாகப் பதில் சொன்னார். அம்மாவுக்கு ஹொக்கியன் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. "ஃபேக்டரில எட்டு வருஷம். பக்கத்து சீட்டுல எல்லாம் சீனப் புள்ளைங்க. வேற எப்படிப் பேசுறது?" என்றார், ஏதோ எனக்குத்தான் புத்தியில்லை என்பது போல.

முதலில் பாடம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவுக்காரமும் கிளிசரினும் கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். நம் பாட்டிகள் சொன்ன சவுக்காரம் என்ற சொல்லிலேயே அந்தக் காரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு எங்களுக்குக் கொடுத்த கணக்கு: செம்பனை எண்ணெய் 400 கிராம், தேங்காய் எண்ணெய் 300, ஆலிவ் எண்ணெய் 300. அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 145 கிராம், தண்ணீர் 300 கிராம். செம்பனை கட்டித்தன்மைக்கு, தேங்காய் நுரைக்கு, ஆலிவ் தோல் வறளாமல் இருக்க. எண்ணெய் முழுவதையும் கரைக்கத் தேவையானதைவிடக் காரத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துத்தான் போடுவார்கள், கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நிற்கட்டும் என்று. எண்ணெயை மாற்றினால் காரத்தின் அளவும் மாறும். அதனால் "கண்ணளவு, கையளவு" என்ற நம் சமையல் சாமர்த்தியத்தை வாசலிலேயே கழற்றிவைத்துவிட வேண்டும். தராசுதான் இங்கே அம்மா அப்பா.

செம்பனை என்றதும் அம்மா ஆண்ட்டியிடம் மலாயில் சொன்னார்: "எங்க தோட்டத்துல ரப்பரை வெட்டிட்டு இதைத்தான் நட்டாங்க. அப்புறம்தான் நாங்கல்லாம் வெளியாகிட்டோம்." ஆண்ட்டி தலையாட்டிவிட்டு எண்ணெயை அளந்தார்.

காரம் கரைப்பதை ஆண்ட்டி எங்களிடம் விடவில்லை. கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, திறந்த முற்றம். தண்ணீரில்தான் காரத்தைக் கொட்ட வேண்டும். காரத்தில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கரைக்கும்போதே கை வைக்க முடியாத சூடு வந்துவிடும், ஆவி மூக்கை அரிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக்கூடாது, காரம் அதைத் தின்றுவிடும். வீட்டில் முயலப்போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்வது உத்தமம்.

காரக் கரைசலும் எண்ணெயும் ஆறுவதற்குள் உள்ளே வைக்கும் உருவங்களைத் தயார் செய்ய வேண்டும். இந்தக் கலையின் சூட்சுமம் இதுதான். ஒவ்வொரு சோப்பிலும் தனித்தனியாகப் பூ ஒட்டுவதில்லை. அச்சின் நீளம் முழுக்க ஒரே உருவம் கம்பிபோல ஓட வேண்டும். அந்தக் கம்பியைச் சுற்றிச் சோப்புக் கூழை ஊற்றி, மறுநாள் குறுக்கே துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் அதே முகம் தெரியும். கம்பி செய்ய 'சோப்பு மாவு' என்று ஒன்று. ஒரு வாரம் முன்பே செய்து, காற்றுப் படாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த சோப்பு. பிசைந்தால் சப்பாத்தி மாவு போல் இழையும்.

அதைப் பிழிய ஆண்ட்டி எடுத்து வைத்த கருவியைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எவர்சில்வர் முறுக்கு அச்சு! லிட்டில் இந்தியாவில் வாங்கினாராம். நட்சத்திரத் தட்டு, ரிப்பன் பக்கோடா தட்டு, ஓமப்பொடித் தட்டு எல்லாம் இருந்தன. "தீபாவளிக்கு இதுல நீங்க பலகாரம் செய்றீங்க, எனக்குத் தெரியும். என் அச்சுல வேணாம்" என்றார் ஆண்ட்டி.

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடி தரை ஓட்டுப் பூவைச் செய்யத் தொடங்கியது. நான் நட்சத்திரத் தட்டைப் போட்டு இரண்டு கம்பி பிழிந்தேன். ஐந்து நிமிட வேலை. அம்மா மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன உருவம் வேண்டும் என்று ஆண்ட்டி கேட்டார். ரோஜா, இதயம், பட்டாம்பூச்சி என்று நானும் எடுத்துக்கொடுத்தேன். அம்மா கரித்தூள் கலந்த கறுப்பு மாவைச் சுட்டிக்காட்டினார்.

கறுப்பு மாவை நீளக் கட்டையாகத் தட்டி, நான்கு பக்கமும் அட்டையால் நீவிச் சதுரித்தார். பிறகு ரிப்பன் தட்டில் வெள்ளை மாவைப் பிழிந்து, கத்தியால் மெல்லிய நாடாவாக நறுக்கி, கட்டையின் ஒரு பக்கத்தில் விளிம்பு ஒட்டுகிற மாதிரி நிறுத்தினார். ஒன்று. அதன் பக்கத்தில் மஞ்சள் கலந்த மாவைச் சின்னதாகத் திணித்து, அடுத்த நாடா. இரண்டு. கண்ணை மேசைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். புரை விழுந்த கண் எவ்வளவு பார்த்ததோ தெரியாது. விரல் நுனியால் தடவித் தடவி இடைவெளியைச் சரி செய்தார். இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கம் ஏழு. ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆண்ட்டி எண்ணெயை மறுபடி சூடாக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா இது, பூரானா?" என்றேன்.

"ஐசி. சிப்பு. பதினாலு காலு."

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. அடுத்தடுத்துப் பல நிறுவனங்கள் வந்தன. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தி என் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தது உறைக்கவில்லை. "அம்மா கல்யாணத்துக்கு முந்தி ஃபேக்டரில வேலை செஞ்சாங்க" என்ற ஒரே வரியோடு எங்கள் வீட்டில் அந்தக் கதை முடிந்துவிடும். 12 ஆண்டுகளாக ஒலிவாங்கி முன் ஊர்க்காரர்களிடமெல்லாம் "உங்கள் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கிறவள் நான்.

அம்மா வேலை சோதனைப் பிரிவில். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கால்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் ரிஜெக்ட். கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கையெழுத்து. இரவு ஷிப்டில் தூக்கம் வந்தால் பக்கத்து சீட் தோழி கிள்ளுவாள். "கண்ணு அப்பவே போச்சு. டாக்டர் வயசுங்கிறாரு. அவருக்கு என்ன தெரியும்" என்றார். டாக்டர் சொல்வதுதான் சரியாக இருக்கும். நான் வாதாடவில்லை. அறுவை சிகிச்சை என்றால் மறுபடி ஏதோ கருவிக்குக் கீழே கண்ணைக் கொடுக்க வேண்டும், அதுதான் பயம் என்று அன்றைக்கு அவர் வாயால் வந்தது. நானாக இருந்தால் பூரான் என்று கிண்டல் செய்துவிட்டு அதோடு விட்டிருப்பேன். கேட்டது ஆண்ட்டி, ஹொக்கியனில். அம்மா எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

இனி என் பங்கு. கூழுக்கு மஞ்சள் சேர்த்தோம். காரம் பட்டதும் ஆரத்தித் தட்டு போலச் சிவந்தது. சுண்ணாம்பும் மஞ்சளும் செய்கிற அதே வித்தை. நாள் ஆக ஆகப் பொன்னிறத்துக்கு வந்துவிடும் என்றார் ஆண்ட்டி. வாசனைக்குப் பினாங்கின் பெருமையான ஜாதிக்காய் எண்ணெய் இருந்தது, கிராம்பு எண்ணெயும் இருந்தது. கிராம்பை இரண்டு மூன்று சொட்டுதான் என்று அவர் சொன்னபோது நான் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். கிண்ணம் முழுவதையும் கவிழ்த்தேன். கிராம்பு எண்ணெய் கூழைச் சட்டென்று இறுக்கிவிடும் குணமுடையது. பாயசமாக இருந்தது பத்தே விநாடியில் உப்புமா ஆனது.

ஆண்ட்டி ஐயோ என்பதற்குள் அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அச்சின் அடியில் அள்ளிப் போட்டு அழுத்தி, கட்டையைப் படுக்க வைத்து, பக்கங்களில் கூழைத் திணித்து, மேலே என் நட்சத்திரங்களைச் செருகி, இன்னும் கூழ் போட்டு, அச்சை மேசையில் நான்கு தட்டுத் தட்டினார். காற்று இடைவெளி விட்டால் வெட்டும்போது உருவம் கழன்று விழும். "கெட்டியாப் போச்சுன்னா கோலம் போட முடியாது, ஆனா கொழுக்கட்டை பிடிக்கலாம்" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, அதுவே போதும்.

அன்று மாலை குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் எழுந்த கோயில். சம்பளம் வாங்கிய முதல் ஞாயிறு இங்கே வருவாராம். பிறகு மீ கோரேங். பாயான் லெப்பாஸ் பக்கம் போகலாமா என்று கேட்டேன். "எதுக்கு? அங்க என்ன இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அச்சைப் பிரித்தோம். கட்டியை வெட்ட, சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. என் பாட்டி தோட்டத்தில் நீளமான பார் சோப்பை நூலால் அறுத்துப் பங்கு வைப்பாராம், அதே முறை. ஓரத்துத் துண்டுகளைத் தள்ளிவிட்டு 13 வந்தன. முதல் துண்டு சாய்ந்ததும் எல்லாரும் கிட்டே வந்தோம். மஞ்சள் நிலத்தில் கறுப்புச் சதுரம், இரு பக்கமும் வெள்ளைக் கால்கள். என் நட்சத்திரங்கள் நசுங்கிப்போய்த் துடைப்பம் போல் இருந்தன. அம்மா கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து எண்ணினார். மூன்றைத் தனியே வைத்தார். "ரிஜெக்ட்."

சிங்கப்பூர்ப் பெண் அதில் ஒன்றைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அம்மா தரவில்லை; நல்லதில் ஒன்றைக் கொடுத்தார்.

இதை விற்கலாமே என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் குளியல் சோப்பு ஒப்பனைப் பொருள் பட்டியலில் வருகிறது. விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் என்பிஆர்ஏவிடம் அறிவிக்கை செய்ய வேண்டும். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் என்றால் பொறுமை மட்டும் போதும். வெட்டிய சோப்பை உடனே தேய்க்கக்கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைத்தால்தான் நீர் வற்றி இறுகும், தோலுக்கும் இதமாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆறு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் வேண்டாம், எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேல், பழைய 'தட்டுமுட்டு' பெட்டிக்குப் பக்கத்தில், செய்தித்தாள் விரித்து அடுக்கினோம். வீடு முழுக்கக் கிராம்பு வாசம். பல் வைத்தியர் வீடு போலிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான்காவது வாரத்தில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாவது முறை தேதி மாறவில்லை. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்துகள் முடிந்து, ஆறாவது வாரமும் கடந்த ஒரு சனிக்கிழமை, நான் நிலையத்திலிருந்து திரும்பி வந்தபோது சோப்புகள் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு இறங்கியிருந்தன. நிறம் பொன்னாகியிருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு" என்று இரண்டைத் தள்ளி வைத்தார். "அன்னிக்கு இதைப் பாஸ் பண்ணிட்டேன். அஞ்சாவது காலு வளைஞ்சிருக்கு."