அத்தையின் குரல்

பொங்கல் என்றால் உங்கள் வீட்டில் வெளியூரில் இருக்கும் செல்லப் பிள்ளை ஊர் வந்து சேரும், இல்லையா? எங்கள் வீட்டில் நேர்மாறு. செல்லப் பிள்ளை லாரி ஏறி வெளியூர் கிளம்பிவிடும். பிள்ளைக்கு நாலு கால், இரண்டு கொம்பு!

மதுரையில் பஸ் சத்தத்தில் வளர்ந்த நான், 2012-இல் பிளவக்கல் அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டேன். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள்; அவற்றின் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. வந்த மறுநாள் மாமியாரைக் கேட்டேன்:

"அத்தை, நம்ம மாடெல்லாம் எப்ப வீட்டுக்கு வரும்?"

"அறுப்பு முடியட்டும், வரும்."

மாடு சாயங்காலம் வீடு திரும்பும் என்றல்லவா நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்!

மலைமாட்டுக்கு வருஷத்தில் இரண்டு வீடு. வயலில் நடவு தொடங்கினால் அடிவாரத்துத் தொழுவும் மலைப் புல்லும். கதிர் அறுத்தபின் வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களில் கிடை. இரவில் மாடுகள் படுத்தெழுந்த நிலத்துக்கு வேறு எரு வேண்டாம். வயல்காரர் கூலி கொடுப்பார். மந்தை நடக்கும்போது வீட்டு ஆண்களும் நடப்பார்கள். தூக்குவாளியும் கையுமாக நானும் நடந்திருக்கிறேன். முதல் வருஷம் செருப்பு அறுந்தது. இரண்டாம் வருஷம் செருப்பே போடவில்லை.

2013-இல் கிடையில் பிறந்த ஒரு செவலைக் கன்றைப் பார்த்து, "இது வாடிவாசலுக்கு" என்று அத்தை சொல்லிவிட்டார். அன்று முதல் அதற்கு ராஜ உபசாரம். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம். (என் கணவருக்குப் பேரீச்சம்பழம் கிடையாது.) கண்மாயில் நீச்சல், மண்மேட்டைக் கொம்பால் குத்தும் பழக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. தீனி மட்டும் அத்தை கையால்தான். "வா சாமி" என்று கூப்பிட்ட பிறகே கிண்ணத்தை நீட்டுவார்.

2014 மே 7-ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. காளைக்குத் தீர்ப்பு தெரியுமா? அதற்குப் பசித்தது. தரகர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். விற்ற காளை எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். "வெறுமனே எதுக்குத் தீனி போடணும் ஆச்சி?" என்றார் ஒருவர். "உங்க அப்பாவுக்கு நீ வெறுமனேதான் சோறு போடுறியா?" என்றார் அத்தை. மனிதர் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நான் கூட ஒருநாள் கணக்கு எழுதிக் காட்டினேன். அந்தக் காகிதத்தில்தான் அவர் மறுநாள் வெல்லம் மடித்து வைத்தார்.

2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் சட்டம் மாறியது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மூன்று பொங்கலைச் சும்மா கழித்த செவலை வண்டி ஏறியது.

வண்டி ஏற்றுவதும் ஒரு கலைதான். வழுக்காமலிருக்கத் தரையில் மணலும் வைக்கோலும் பரப்ப வேண்டும். கயிற்றை இறுக்கினால் மூச்சு முட்டும்; தளர்த்தினால் திரும்பிக் குத்தும். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று சட்டைப் பையில் பத்திரம். இத்தனைக்கும் வாடிவாசலில் அது நிற்பது சில நொடி!

2018-இல் ஓர் ஊரில் செவலை யார் கைக்கும் அகப்படாமல் பாய்ந்தது. பாய்ந்தது, பாய்ந்தது, ஊரையே தாண்டிவிட்டது. இரவு முழுக்கத் தேடிய என் கணவர், "ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறது. கிட்டப் போனால் முட்ட வருகிறது. என்னையும் சேர்த்துத்தான்" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னார். அத்தை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

தோப்பு வரப்பில் நின்று, சத்தம் கூடப் போடாமல், "வா சாமி" என்றார். தலை நிமிர்ந்தது. கொம்பில் வேலிக்கொடி சுற்றியிருந்தது, விலாவில் கீறல். மெதுவாக நடந்து வந்து முந்தானையில் மூக்கை வைத்தது. அத்தை திட்டியது மகனைத்தான். திரும்பும்போது பஸ் வேண்டாமென்று லாரியிலேயே வந்தார்.

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. அடுத்த ஆண்டு, புலிகள் காப்பகம், சரணாலயம் போன்ற காடுகளில் மாடு மேயக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புலிக்கும் காடு வேண்டும்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு வீட்டில் ஒன்றைப் பூட்டினால் மந்தை எங்கே போகும்? நாற்பது மாட்டில் ஐந்துதான் மிஞ்சின. விற்ற அன்று அத்தை தொழுவின் பக்கமே வரவில்லை.

செவலைக்கும் வயதாகிவிட்டது, இப்போது லாரிப் பயணமில்லை. நடவுக் காலம் வந்தால் கயிறு எட்டுமட்டும் போய், மலையைப் பார்த்து நிற்கும். அத்தைக்கோ முழங்கால் வலி.

"இனிமே நீ கூப்பிடு, பழகட்டும்" என்று போன மாதம் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"வா சாமி" என்றேன். திரும்பிப் பார்த்தது. என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தது. பிறகு, யோசித்து யோசித்து, நாலு அடி வைத்து வந்தது. பேரீச்சம்பழத்தைத் தின்றது. புண்ணாக்கைத் தொடவில்லை.