ரிச்சி தெருவில் ஒரு பழைய ரெட்மி

ரெட்மி நோட் 4 இந்தியாவுக்கு வந்தது 2017 ஜனவரியில். ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுதான் 7-லேயே நின்றுவிட்டது. அப்படி நின்றுபோன போன்களுக்கு வேறு ஆண்ட்ராய்டு ஏற்றித் தருபவர்களைத் தேடித்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. ஹீட் கன், சால்டரிங் அயர்ன், விசைகள் தேய்ந்த லேப்டாப். இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆட்டோ ஓட்டும் அண்ணன், கையில் ரெட்மி.

"இதுல ஜிபே போடுவீங்களாண்ணா?"

"இல்லப்பா, பொண்ணு படிக்கத்தான்."

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலையே. போன் ஆன் ஆகும்போது எந்த ஆண்ட்ராய்டை ஏற்றலாம் என்று பார்க்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்துவிட்டால் கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் அது தேறுவது கடினம். பணம் அனுப்பும் செயலிகள் பல திறக்க மறுக்கும். பூட்டைத் திறக்கவும் ஷாவ்மி உடனே விடாது. கணக்கை இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சிலருக்கு 72 மணி நேரம், சிலருக்கு 360. அண்ணன் காத்திருந்து திரும்பி வந்திருக்கிறார். திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் படங்களை முன்பே நகலெடுத்தாயிற்று.

இளைஞர் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினார். குல்லா போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்க்கும் படம் வந்தது. பூட்டைத் திறந்து, வேறு ஆண்ட்ராய்டை ஏற்ற உதவும் டிடபிள்யுஆர்பி ரிக்கவரியை ஏற்றினார். அடுத்தது அழிப்பு என்று நினைத்தேன். அவரோ ஈஎஃப்எஸ் பகுதியை பென்டிரைவில் எடுத்து வைத்தார். "இது போச்சுன்னா சிம் போட்டாலும் டவர் வராது சார்." கேபிளும் தன்னுடையதுதான், வாடிக்கையாளர் கொண்டுவருவதைத் தொடுவதில்லை. பாதியில் ஆடினால் போன் டெட்.

பிறகு அழித்து, லினியேஜ் 18.1 என்ற மாற்று ஆண்ட்ராய்டை ஏற்றினார். அது ஆண்ட்ராய்டு 11. கூகுள் செயலிகள் தனிப் பொட்டலம்; முதல்முறை ஆன் ஆவதற்குள் ஏற்றியாக வேண்டும். இந்தத் தனி ஏற்பாட்டுக்குப் பழைய கதை உண்டு. ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டில் அச்செயலிகளைச் சேர்த்துக் கொடுத்ததை நிறுத்தச் சொல்லி 2009-இல் கூகுள் கடிதம் அனுப்பியது. அதன் வாரிசுதான் 2016 டிசம்பரில் பிறந்த லினியேஜ். ஒவ்வொரு மாடலையும் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார். அவருக்கு அலுத்துவிட்டால் அந்த மாடலுக்கும் புதுப்பிப்பு நின்றுவிடும். இலவசம் என்று கொண்டாடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

முதல்முறை ஆன் ஆக நிமிடக்கணக்கில் ஆகும். வளைவுக் கோட்டில் வட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. "நின்னுடுச்சாப்பா?" என்றார் அண்ணன். "வரும்ணா, டீ சாப்பிடுங்க." வந்தது. மொழி கேட்கும் திரையில் தமிழைத் தொட்டுவிட்டு, உடனே தன் சிம்மைப் போட்டு டவர் பார்த்தார் இளைஞர். அப்புறம் ஸ்பீக்கர், மைக், கேமரா. கேமரா படம் முன்பைவிடச் சற்று மங்கல்தான்; கம்பெனியின் கேமரா செயலி இதில் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

அடுத்து வந்த பூக்கடை அக்காவிடம் பழைய சாம்சங். "ரொம்ப ஸ்லோ தம்பி, இதுக்கும் அடிச்சுக் குடு."

"ஜிபே இருக்காக்கா?"

"அதுலதானே யாவாரமே."

"அப்ப வேணாங்க்கா. சாம்சங்ல ஒருதடவை மாத்திட்டா உள்ள நாக்ஸ்னு ஒரு குறி விழுந்துரும், திரும்ப நிமித்த முடியாது. வாட்ஸப் வீடியோவ அழிச்சுத் தரேன், காசு வேணாம்."