அடையாள அட்டை இலக்கமும் எக்செலும்

மீனவர் பட்டியல்களை எக்செலில் ஒப்பிடும் மன்னார்ப் பிள்ளைகளுக்கு: பெயரை வைச்சுத் தேடாதீங்கோ. பேசாலையில் குரூஸ் என்றால் எத்தனை பேர்! அடையாள அட்டை இலக்கத்தை வைச்சுத் தேடுங்கோ.

அப்பவும் வீலுக்அப் 'என்/ஏ' காட்டினால், ஒரு பட்டியலில் பழைய இலக்கமும் மற்றதில் 2016இல் வந்த 12 எண் இலக்கமும் இருக்கும். பழையதுக்கு முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாம் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 சேர்த்து, கடைசி 'வி'யை எடுத்துவிடுங்கோ. இரண்டு பக்கமும் டெக்ஸ்ட் ஆகவே இருக்கட்டும். ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை ட்ரிம் பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பயம் 'என்/ஏ' இல்லை. வீலுக்அப்பின் கடைசியில் 'ஃபோல்ஸ்' போடாமல் விட்டால், பிழையே காட்டாமல் வேறொருவரின் வரியைக் கொண்டுவந்து வைக்கக்கூடும். மண்ணெண்ணெய் நிவாரணம் ஆள்மாறிப் போறது அப்படித்தான்.