பொருந்தினால் போதும்

1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டுகளில், வார்ப்பிரும்புச் சிலிண்டரின்மேல் அலுமினிய ஹெட் அமர்ந்திருக்கும். அச்சன்புதூரில் நம் பங்கு இளைஞர் ஒருவர், காலஞ்சென்ற தந்தையாரின் புல்லட் இழுவை குன்றவே, ஹெட்டையே மாற்றிவிடத் துணிந்தார். மெக்கானிக் தடுத்தார். நாமும் உடனிருந்தோம். எஞ்சின் ஆறியபின் ஹெட்டைக் கழற்றி, கரி நீக்கி, பசை தடவி, வால்வைச் சீட்டோடு பொறுமையாகத் தேய்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், துளியும் கசியவில்லை. பின்னர் ஹெட் கோணாதிருக்க, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினார்.

“வால்வும் நல்லதுதான், சீட்டும் நல்லதுதான் சாமி, ரெண்டும் பொருந்தலே” என்றார்.

அன்பர்களே, குடும்பத்தில் அன்பு குன்றும்போது நாம் ஆளையே ஒதுக்கிவிட விரைகிறோம். அண்ணனும் நல்லவர், தம்பியும் நல்லவர். இடையில் படிந்த கரியை நீக்கி, இருவரும் சிறிது தேய்ந்துகொடுத்தால் உறவு மீண்டும் பொருந்தும்.